வருஷத்துக்கு இருபது தோட்டா

"தோட்டா போடுற பிரஸ் ஒண்ணு வேணும்" என்று நான் சொன்னதும் வெண்டல் செய்த முதல் காரியம், எனக்குப் பின்னால் ஆர்டன் வருகிறானா என்று எட்டிப் பார்த்ததுதான்.

"அவன் வரல. எனக்குத்தான் வேணும்."

"உனக்கா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

வெண்டலும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எங்கள் ஊரில் வேலிக் கம்பி, மாட்டுத் தீவனம், துப்பாக்கி மூன்றையும் விற்கிற ஒரே கடை அவனுடையது. அவனிடம் ஒரு ஆணி வாங்கினால்கூடச் சாயங்காலத்துக்குள் தேவாலயம் வரைக்கும் சேதி போய்விடும். அதனால்தான் இரண்டு நாள் யோசித்தேன். பில்லிங்ஸ் டவுனுக்குப் போய் வாங்கலாம். ஆனால் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு லீவு எங்கே இருக்கிறது? காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் வெண்டல் கடையைத் தவிர எங்கேயும் போக முடியாது.

"உன் வீட்டுக்காரன்கிட்ட மூணு பிரஸ் இருக்கு சிக்னி. அவன் கராஜுக்குள்ள போனா என் கடையைவிட அதிகம் சாமான் இருக்கும். அதுல ஒண்ணை எடுத்துக்க வேண்டியதுதானே?"

"அவன் வேலை பெஞ்சைத் தொட்டா அவன் என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். ஆர்டன் முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவன். நாள் முழுக்கக் காற்றில் தொங்கிவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கராஜ்தான் கோவில். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, பிரஸ்ஸில் அழுத்தி உருவத்துக்குக் கொண்டு வந்து, அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து அளந்து கொட்டி, மேலே குண்டை உட்கார வைப்பான். எங்கள் பக்கத்தில் பாதி ஆம்பிளைகள் இதைச் செய்வார்கள். ஆனால் ஒருத்தன் போட்ட தோட்டாவை இன்னொருத்தன் சுட மாட்டான். அது எங்கள் ஊர் வழக்கம். அளவு கொஞ்சம் தப்பினாலும் துப்பாக்கி உன் முகத்துக்கு நேரே வெடிக்கும். அடுத்தவன் கைமேல் உன் கண்ணையும் கன்னத்தையும் வைப்பாயா? எங்கள் மகள் பிரிட்டா மட்டும் பன்னிரண்டு வயசிலிருந்து அப்பா போட்ட தோட்டாவைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை.

வெண்டல் முழங்கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொண்டான். அவனுக்குக் குஷி வந்துவிட்டது. முதல் பிரஸ் வாங்க வருகிறவர்களிடம் வாயடிப்பது அவனுக்குப் பிடித்த வேலை.

"சரி, முதல் கேள்வி. எந்தக் கம்பெனி, சிவப்பா, பச்சையா, நீலமா?"

"டிராக்டரா வாங்குறேன்? எனக்கு நிறம் வேண்டாம்."

"அடேயப்பா, கோபம் பாரு. இரண்டாவது கேள்வி. எத்தனை வேணும்?"

"இருபது."

"மணிக்கு இருபதா? அது ரொம்பக் கம்மி. சின்னதே போதும்."

"மணிக்கு இல்ல வெண்டல். வருஷத்துக்கு."

அவன் சிரித்த சிரிப்பில் பின்னால் தீவன மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வருஷத்துக்கு இருபது தோட்டாவுக்கு யாராவது பிரஸ் வாங்குவார்களா, ரெடிமேட் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றான். அதைத்தான் நானும் நினைத்தேன், மடையா. ஆனால் ரெடிமேட் தோட்டாவை ஆர்டன் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். இதை வாய் திறந்து சொல்ல முடியாதே.

"சிரிச்சு முடிச்சிட்டியா? சாமானைக் காட்டு."

அவன் மூன்றைக் காட்டினான். முதலாவது ஒரு பெரிய ராட்சசன். தட்டு சுற்றும், ஒரு பக்கம் கூடு போடுவாய், ஒவ்வொரு தடவை கைப்பிடியை இழுக்கும்போதும் முழுத் தோட்டா ஒன்று மறுபக்கம் விழும். இரண்டாவதில் தலை மட்டும் திரும்பும். மூன்றாவது வெறும் இரும்பு வளையம், நடுவில் ஒரு ஓட்டை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் செய்யும். எல்லாக் கூட்டையும் முதலில் அழுத்தி முடி, அப்புறம் எல்லாவற்றுக்கும் கேப்பு வை, அப்புறம் மருந்து, அப்புறம் குண்டு. ஒரு தோட்டாவை நாலு தடவை கையில் எடுக்க வேண்டும்.

"எல்லாரும் கடைசியில பெரிசுக்குத்தான் வருவாங்க" என்றான் வெண்டல். "சின்னதை வாங்கிட்டு ஒரே மாசத்துல போரடிக்குதுன்னு திரும்பி வருவாங்க. அதனால மொதல்லயே பெரிசா..."

"எதுல தப்பு பண்ணா கண்ணுக்குத் தெரியும்?"

"என்னது?"

"தப்பு வெண்டல். நான் தப்பு பண்ணினா எதுல எனக்குத் தெரியும்?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக அந்த இரும்பு வளையத்தைத் தட்டினான்.

"இதுல. ஒவ்வொண்ணையும் நாலு தடவை கையில எடுக்குற. மருந்து போட்டதும் எல்லாத்தையும் வரிசையா வச்சு, டார்ச் அடிச்சு உள்ள பாக்கலாம். ஒண்ணுல கூடுதலா இருந்தா பளிச்சுனு தெரியும்."

"இதையே குடு."

அவன் அட்டைப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினான். தராசு, அச்சு, அளவுப் புத்தகம், புதுக் கூடு, புது மருந்து டப்பா எல்லாவற்றையும் கவுண்டரில் வைத்தான். என்ன மருந்து என்று நான் சொல்லவே இல்லை. அவனே சரியான டப்பாவை எடுத்து வைத்தான்.

"சிக்னி, ஆர்டன் நல்லாருக்கானா?"

"நல்லாத்தான் இருக்கான்."

"போன வாரம் இந்த மருந்தை ரெண்டு தடவை வாங்கிட்டுப் போனான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. காலையில வந்ததே ஞாபகம் இல்லாத மாதிரி..."

"பில்லைப் போடு வெண்டல். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம் ஆச்சு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். முன் சீட்டுக்காரி ஒருத்தி, உங்க கண்ணு ஏன் சிவந்திருக்கு என்று கேட்டாள். வைக்கோல் தூசி என்றேன்.

என்ன நடந்தது என்று சொல்லாமல் நான் எங்கெங்கோ போகிறேன். சொல்கிறேன்.

அந்த வசந்தத்தில் பில்லிங்ஸ் டாக்டர் ஆர்டனுக்கு வந்திருக்கிற வியாதியின் பெயரைச் சொன்னார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற வியாதி. வயசு அறுபத்தி இரண்டுதான். வண்டியில் திரும்பி வரும்போது ஆர்டன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பிரிட்டாகிட்ட இப்ப சொல்லாத. இந்த சீசன் முடியட்டும். என் தோட்டாவை அவ பயமில்லாம இன்னும் ஒரு தடவை சுடட்டும்."

அவன் வாழ்க்கையில் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அதைக் கேட்டான். சரி என்றேன்.

பிரிட்டா பில்லிங்ஸில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வருஷா வருஷம் மான் சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். உள்ளே இருபது தோட்டா. மேலே ஒட்டின டேப்பில் பென்சிலால் அவள் பெயர். ஆர்டனுக்கு மகளைக் கட்டிப்பிடிக்கத் தெரியாது, முத்தம் கொடுக்கத் தெரியாது, பிறந்த நாள் ஞாபகம் இருக்காது. அந்தப் பெட்டிதான் அவன் பாசம். அது பிரிட்டாவுக்கும் தெரியும். பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பாள், "இதுல மிச்சம் வச்சா திட்டுவியாப்பா?" என்பாள். "மிச்சம் வைக்காட்டித்தான் திட்டுவேன். ஒரு மானுக்கு ஒரு தோட்டா" என்பான் அவன். இதே பேச்சு, பதினாறு வருஷமாக.

செப்டம்பரில் ஒரு நாள் காபி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். எனக்குத் தோட்டா போடத் தெரியாது, ஆனால் ஒரு சட்டம் மட்டும் தெரியும். பெஞ்சுமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இதை ஆர்டன் எத்தனை பேருக்குச் சொல்லிக் கத்தியிருப்பான் என்று கணக்கே இல்லை. அன்றைக்கு அவன் பெஞ்சில் இரண்டு டப்பா. இரண்டுக்கும் மூடி இல்லை. அளவுக் குழாயில் மீதி இருந்த மருந்தை அவன் ஒரு டப்பாவுக்குள் கொட்டிக்கொண்டிருந்தான்.

எட்டிப் பார்த்தேன். குச்சி குச்சியாய் இருக்க வேண்டிய ரைஃபிள் மருந்துக்கு நடுவில், தவிடு போலத் தட்டைத் தட்டையாய் வேறொன்று. அது கைத்துப்பாக்கி மருந்து, படபடவென்று எரிகிற வகை. ரைஃபிளுக்குள் அது போனால் என்ன ஆகும் என்று சொல்ல நான் ஆர்டனாக இருக்கத் தேவையில்லை.

"ஆர்டன், இது கலந்திருக்கே."

"என்ன கலந்திருக்கு?"

"இங்க பாரு. ரெண்டு டப்பா திறந்திருக்கு."

அவன் பார்த்தான். முகம் வெளுத்தது. பிறகு கோபம் வந்தது, பயந்தவனுக்கு வருகிற கோபம். "நீதான் எடுத்து வச்சிருப்ப. என் பெஞ்சுல உனக்கு என்ன வேலை? வெளிய போ!" காபியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அரை மணி நேரம் கழித்து அவன் சமையலறைக்கு வந்து, யாரோ காபி வைத்துவிட்டுப் போய் ஆறவிட்டிருக்கிறார்கள் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே குறை சொன்னான்.

அன்றைக்கு அவன் தூங்கப் போன பிறகு அந்த டப்பாவை எடுத்துத் தோட்டத்தில் தூவிவிட்டேன். ஆனால் அந்த டப்பாவிலிருந்து எத்தனை தோட்டாவுக்கு அளந்தான்? அலமாரியில் பிரிட்டா பெயர் எழுதின பெட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது.

பிரிட்டாவைக் கூப்பிட்டு, அப்பா தோட்டாவைச் சுடாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அப்புறம் அவள் அந்த மேஜையில் எப்படி உட்காருவாள்? பெட்டியைக் குலுக்கும்போது அவள் முகத்தில் பயம் தெரிந்தால், ஆர்டன் அதைப் பார்த்தால்? அவன் கேட்டது அந்த ஒன்றுதானே. அதனால் இருபது தோட்டாவை நானே போட்டு, அவன் பெட்டிக்குள் மாற்றி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்துதான் செய்தேன்.

பஸ் ஷெட்டில் ஒரு வேலை மேஜை உண்டு. அதில் பிரஸ்ஸை முடுக்கினேன். முதல் நாளே கூட்டுக்கு எண்ணெய் தடவ மறந்து அச்சுக்குள் இழுத்து மாட்டிவிட்டேன். கைப்பிடியில் தொங்கியும் வரவில்லை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் அந்த இரும்புக்குச் சொன்னேன். கடைசியில் வெண்டலிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். "எல்லாரும் ஒரு தடவை மாட்டுவாங்க. உன் புருஷன் ரெண்டு தடவை மாட்டியிருக்கான்" என்று சொல்லி, துளை போட்டு உருவிக் கொடுத்தான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஊரிலும் எதுவும் சொல்லவில்லை. அந்த வாயாடி அதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் இருபது தோட்டா. ஒவ்வொன்றின் மருந்தையும் இரண்டு தடவை நிறுத்தேன். எல்லாவற்றையும் வரிசையாக நிற்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், பிறகு சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். கேப்பு வைப்பதுதான் பெரிய பாடு. சரியாக உட்காரவில்லையோ, உட்காரவில்லையோ என்று அமுக்கி அமுக்கித் தள்ளினேன்.

பிறகு ஆர்டன் முடி வெட்டப் போன நேரத்தில் மாற்றினேன். அவன் போட்ட இருபதையும் ஷெட்டுக்கு எடுத்து வந்து, தோட்டா உடைக்கிற சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தில் கொட்டினேன். குச்சி. குச்சி. குச்சி. என் பயம் வீண்தான், அவன் தப்பே பண்ணவில்லை, நான்தான் என் புருஷனை அவசரப்பட்டுக் கேவலப்படுத்திவிட்டேன் என்று நினைத்தபோது, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றிலிருந்து தவிடு கொட்டியது. முழுக்கத் தவிடு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை அதைக் கன்னத்தோடு வைத்துச் சுட்டிருப்பாள்.

சீசனுக்கு முந்தின நாள் பிரிட்டா வந்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்திருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. அவள் குலுக்கினாள்.

"இதுல மிச்சம் வச்சா திட்டுவியாப்பா?"

"மிச்சம் வைக்காட்டித்தான் திட்டுவேன்" என்றான் ஆர்டன். "ஒரு மானுக்கு ஒரு தோட்டா."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரிட்டா, "என்னம்மா, டயட்டா?" என்று கிண்டல் பண்ணினாள். "ஆமாடி, உன் கல்யாணத்துக்குப் புதுக் கவுன் போடணும்ல, நீ எப்ப பண்ணப்போறேன்னுதான் தெரியல" என்று திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு வடக்கு மேட்டுக்குப் போனோம். ஆர்டன் முட்டி வலி என்று சொல்லித் துப்பாக்கி எடுக்கவில்லை, பைனாகுலர் மட்டும் எடுத்துக்கொண்டான். உறைபனியில் புதர் எல்லாம் வெள்ளையாய் நின்றது. ஓடைக்கு அந்தப் பக்கம் நல்ல கொம்போடு ஒரு கிடா மான் வெளியே வந்தது. பிரிட்டா படுத்துக் குறி வைத்தாள். அவள் கன்னம் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டியிருந்தது. என் உயிர் அங்கே இருந்தது. நான் போட்ட தோட்டா. ஒருவேளை நானும் தப்புப் பண்ணியிருந்தால்?

வெடித்தது. கிடா நாலு அடி ஓடி விழுந்தது. பிரிட்டா முகத்தில் ஒரு கீறல் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தியாப்பா! உன் தோட்டா!"

"ஒண்ணுதான்" என்று ஆர்டன் விரலைக் காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நூறு பொய் சொல்லுவேன். பிரிட்டா துப்பாக்கியின் போல்ட்டை இழுத்ததும் கூடு தெறித்துப் புல்லில் விழுந்தது. அவள் மானைப் பார்க்க ஓடினாள். ஆர்டன் குனிந்து கூட்டைப் பொறுக்கினான். தோட்டா போடுகிற எவனும் கூட்டைக் கீழே விட்டுவிட்டுப் போக மாட்டான், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் அதைக் கட்டைவிரலால் உருட்டினான். தலைகீழாகத் திருப்பினான். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"சிக்னி."

"என்ன?"

"இது நீ போட்டதா?"

"எது? என்ன உளர்ற?"

"எனக்கு மறதிதான் சிக்னி. குருடு இல்ல."

அவன் கூட்டின் அடியை எனக்குக் காட்டினான்.

"என் கை இது இல்ல. கேப்பு ரொம்ப உள்ள போயிருக்கு. பயந்து பயந்து அமுக்கியிருக்க." கீழே மகளைப் பார்த்துவிட்டு, "நான் போட்டதை என்ன பண்ணின?"

"பிரிச்சுப் பாத்தேன்."

"எத்தனை?"

"ஒண்ணு."

அவன் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். மின்கம்பத்து உச்சியில் ஒற்றைக் காலில் நின்றவன். கூட்டை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"சொல்லாத. வியாதியைச் சொல்லிக்கலாம். என் பிள்ளை முகத்துக்கு நான் வெடி வச்சேன்னு சொல்லாத."

"நீ ஒண்ணும் வைக்கல ஆர்டன். வியாதி வச்சுது."

"என் கைதானே" என்றான்.

கீழேயிருந்து பிரிட்டா கையாட்டினாள். அவனும் எழுந்து கையாட்டினான். நான் அன்றைக்குச் சாமியிடம் ஒன்றே ஒன்று வேண்டினேன். அடுத்த வருஷம் இவன் கண்டுபிடிக்கக் கூடாது. கூட்டைப் பொறுக்கட்டும், தன்னுடையது என்று நம்பட்டும், இந்த முகத்தை நான் இன்னொரு தடவை பார்க்கக் கூடாது. மனசார வேண்டினேன்.

நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் விருந்து நாளில் பிரிட்டாவிடம் வியாதியைச் சொன்னோம். வான்கோழியைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆர்டனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தான். தோட்டா விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் என்னோடு பஸ் ஷெட்டுக்கு வந்தான். கராஜை அவனே பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டு நான் தோட்டா போடுவதைப் பார்ப்பான். ஒவ்வொரு கூட்டையும் அவன் முன்னால் நீட்டுவேன், டார்ச் அடிப்பேன், "ம்" என்பான். அடுத்தது.

"ஏண்டி, கைப்பிடியை என்னமோ கோழிக் கழுத்தைத் திருகுற மாதிரி இழுக்கிற? மெதுவா. கேப்பு உட்காரும்போது கைக்குத் தெரியும். அப்ப நிறுத்து."

"நீ ஓட்டுற வண்டியிலயா நான் உட்கார்ந்திருக்கேன்? நான் ஓட்டுறேன், நீ பேசாம வா."

"ஊர்ப் பிள்ளைங்களை உன்னை நம்பி அனுப்புறாங்க பாரு. கடவுள்தான் காப்பாத்தணும்."

இருபது போதும் என்றேன். எதற்கும் இருக்கட்டும், இன்னும் போடு என்பான். பொய் சொல்வானேன், கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதே இல்லை. சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பனி உருகின சமயத்தில், நான் நீட்டின கூட்டைப் பார்த்து "ம்" சொல்லாமல் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். கோடையில் வாளியில் உட்காருவதை விட்டுவிட்டான். பஸ்ஸுக்குள் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று கேட்பான். ஆகஸ்டில் ஒரு நாள் என்னை அவன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டான். குளிர்காலத்தில் போட்டது இருந்தும், செப்டம்பரில் அந்த வருஷத்து இருபது தோட்டாவை நான் தனியாகப் போட்டேன். அவன் சொல்லிக் கொடுத்த மாதிரி மெதுவாக அமுக்கி, கைக்குத் தெரிந்ததும் நிறுத்தினேன். டேப்பில் பெயரையும் நான்தான் எழுதினேன், அவன் கையெழுத்து மாதிரியே.

பிரிட்டா வந்தாள். பெட்டியை ஆர்டன் கையில் நான் கொடுத்து, அவளிடம் கொடு என்றேன். கொடுத்தான். அவள் குலுக்கி, கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு மானுக்கு ஒரு தோட்டாதானேப்பா?" என்று அவளே சொன்னாள். "ஆமா" என்றான்.

மறுநாள் அதே மேட்டுக்குப் போகவில்லை, அவனால் அவ்வளவு தூரம் ஏற முடியாது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். பிரிட்டா ரொம்ப நேரம் காத்திருந்து ஒரு பெட்டை மானைச் சுட்டாள். ஒரே தோட்டா. கூடு தெறித்து என் காலடியில் விழுந்தது. அவள் இறங்கிப் போனாள்.

நான் சட்டென்று குனிந்தேன். அவனுக்கு முன்னால் எடுத்துப் பையில் போட்டுவிட வேண்டும் என்றுதான் குனிந்தேன். ஆனால் அவன் கை எனக்கு முன்னால் போயிருந்தது. பேர் மறந்து போயிருந்தது, வீட்டு வழி மறந்து போயிருந்தது, கூட்டைப் பொறுக்க மறக்கவில்லை.

கட்டைவிரலால் உருட்டினான். தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வருகிறது, இதோ வருகிறது, மறுபடி அந்த முகம் வருகிறது என்று நின்றேன்.

அவன் நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? எவ்வளவு சுத்தமா போட்டிருக்கேன்."

இதைத்தான் வேண்டினேன். போன வருஷம் மனசார இதைத்தான் வேண்டினேன். கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கண்டுபிடி, மனுஷா. இது என் கை என்று சொல். பயந்திருக்கிறாய், அமுக்கியிருக்கிறாய், கோழிக் கழுத்துத் திருகி என்று திட்டு. ஒரே ஒரு தடவை கண்டுபிடி.

"நல்லாருக்கு ஆர்டன்" என்றேன். "உன்னை மாதிரி யாரு போடுவா?"

"நீயும் கத்துக்கணும்" என்றான். நான் யார் என்று அவனுக்கு அந்த நிமிஷம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. "பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. நான் சொல்லித் தரேன்."

"சரி. சொல்லிக் குடு."

கீழேயிருந்து பிரிட்டா மானை இழுக்கக் கயிறு கொண்டு வரச் சொல்லிக் கத்தினாள். நான் நகரவில்லை. ஆர்டன் என் வலது கையை எடுத்து, விரல்களை மடக்கிப் பிடித்து, இல்லாத கைப்பிடி ஒன்றைக் காற்றில் கீழே இழுத்துக் காட்டினான். மெதுவாக, மெதுவாக என்றான். கைக்குத் தெரியும், அப்போது நிறுத்து என்றான்.